ரெட் ஹில் தல புராணம்

மெல்பேர்ணின் டண்டினொங் சந்தைக்கு மீன் வாங்கப் போனால் யோகராணி மீனோடு ஒரு கதையும் வாங்கிக்கொண்டுதான் வருவாள். வரும் வழியில் அந்தக் கதை வளரும். மீன்காரனின் கையில் இருந்து கத்தி நழுவியது என்பது கார் நிறுத்துமிடத்தில் சொன்னது. பெரிய தெருவுக்கு ஏறும்போது கத்தி அவனுடைய சப்பாத்தைக் குத்தியிருக்கும். வீட்டுக் குசினியில் பையை வைக்கும்போது அம்புலன்ஸ் வந்து, மீன்காரன் மனைவி மயங்கி விழுந்து, சந்தையின் அந்தப் பக்கத்தையே மூடியிருப்பார்கள்.

"நானும் உதிலதானே நிண்டனான் ராணி. அம்புலன்ஸ் ஒண்டும் வரேல்லையே," என்பார் காரை ஓட்டி வந்த கணவர் நித்தியானந்தன்.

"நீங்கள் வெங்காயத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்," என்பாள் யோகராணி.

அவளைப் பொய்க்காரி என்று யாரும் சொன்னதில்லை. பொய் சொல்பவர்களுக்கு ஏதாவது ஆதாயம் இருக்கும். யோகராணிக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஒரு சம்பவம் மெலிந்துபோய் நிற்பதைக் கண்டால் அவளுக்குப் பொறுக்காது, கூப்பிட்டு இரண்டு கவளம் ஊட்டி அனுப்புவாள், அவ்வளவுதான்.

பல வருடங்கள் கோழி இறைச்சி பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தாள். அங்கே இயந்திரச் சத்தத்தில் கதைக்க முடியாது என்பதுதான் அவளுடைய ஒரே குறை. தொழிற்சாலை மூடப்பட்டபோது ஐம்பது வயது தாண்டியிருந்தது. வீட்டில் இருந்து என்ன செய்வது என்று பஸ் ஓட்டும் லைசென்ஸ் எடுத்தாள். கொஞ்சக் காலம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினாள். அப்போதுதான் சிறி வந்து கேட்டான். அவன் இரண்டு மினிபஸ்களை வைத்துக்கொண்டு, மோர்னிங்டன் குடாநாட்டு வைன் தோட்டங்களுக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் தொழில் நடத்தியவன்.

"அக்கா, நீங்கள் குடிக்கிறேல்லைத்தானே?"

"என்ன விசர்க் கேள்வி இது?"

"அப்ப சனிக்கிழமையில இருந்து வாங்கோ," என்றான் சிறி. அதற்கு முன் அவனிடம் வேலை செய்த டிரைவர்கள் எல்லோரும் தோட்டம் தோட்டமாகப் போய், கடைசியில் தாங்களே பயணிகளாகித் திரும்பியவர்கள்.

வேலை பிடித்துப்போனது. ஆனால் சொந்தக்காரர்கள்தான் குழம்பினார்கள். டொரொண்டோவில் இருக்கும் மச்சாளிடம் போனில், "சனிக்கிழமை எண்டால் நான் விடியக் குடாநாட்டுக்குப் போட்டு பின்னேரம் வந்திடுவன்," என்றாள். அந்த மச்சாளுக்குக் குடாநாடு என்றால் யாழ்ப்பாணம் ஒன்றுதான். அவள் அழுதுகொண்டு நித்தியானந்தனுக்குப் போன் எடுத்து, ராணிக்கு மூளையில் ஏதோ பிரச்சினை, உடனே ஸ்கேன் எடுங்கோ என்றாள்.

மோர்னிங்டன் குடாநாட்டுக்கு ஒரு பக்கம் விரிகுடா, மறுபக்கம் இன்னொரு விரிகுடா, தெற்கே குளிர்ந்த கடல். எப்பக்கம் திரும்பினாலும் காற்றுதான். அந்தக் காற்றுக்குத்தான் பினோ நுவார் என்ற சிவப்புத் திராட்சை அங்கே நன்றாக வருகிறது. மெல்லிய தோல்காரி, வெயில் கூடினால் வாடிவிடுவாள், குளிரில் ஆறுதலாகப் பழுப்பாள். அதனால் அதன் வைன் கறுத்துத் தடித்து இராது. மாதுளஞ்சாறு மாதிரி, கிளாஸின் அந்தப் பக்கம் தெரியும் சிவப்பு. இதெல்லாம் யோகராணிக்கு மைக்கில் கேட்டுக் கேட்டுப் பாடம். சொல்பவன் டேமியன், சிறியின் வழிகாட்டி. நல்ல பிள்ளை. ஒரே ஒரு பலவீனம், தோட்டக்காரர் ஊற்றித் தந்ததைக் குடிக்காமல் விட்டால் அவர்கள் மனம் நோகும் என்று நினைப்பான்.

ஒரு அறுவடைக் காலத்தில், சிட்னி மெரிலேண்ட்ஸில் இருந்து வயதானவர்களின் கழகம் ஒன்று வந்திருந்தது. மூன்றாவது தோட்டத்துக்கு வரும்போது டேமியன் யார் மனதையும் நோகடிக்காத களைப்பில் கடைசி சீற்றில் நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டான். உலுக்கிப் பார்த்தாள். எழும்பவில்லை. யோகராணி அவனுக்கு மேல் தன் ஸ்வெட்டரைப் போர்த்துவிட்டு, கூட்டத்தை அழைத்துக்கொண்டு இறங்கினாள்.

அது ரெட் ஹில் பக்கம் கிரஹாம் என்பவருடைய சின்னத் தோட்டம். கிரஹாம் பல்லுக்குக் கம்பி கட்டும் வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர். உயரமான, கூச்ச சுபாவமுள்ள மனிதர். தோட்டத்துக் கடைக்குள் பினோவை ஊற்றிக் கொடுத்துவிட்டு கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"உங்களுடைய தோட்டத்தின் பாரம்பரியம் என்ன?" என்று ஒரு முதிய பெண் கேட்டார். "போன இடத்தில் ஏதோ நாலு தலைமுறை என்றார்கள்."

"பாரம்பரியமா?" கிரஹாம் தொண்டையைச் செருமினார். "நானும் என் மனைவியும்தான். தொண்ணூற்றெட்டில் நட்டோம். அதற்கு முன்னால் இது வெறும் புல்வெளி."

"அதற்கு முன்னால்?"

"அதற்கு முன்னாலும் புல்வெளிதான்."

எல்லோரும் கிளாஸைப் பார்த்தார்கள். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கிரஹாமின் காது சிவந்தது. தலபுராணம் இல்லாத ஒரு கோவிலின் ஐயர், வந்த சனத்துக்கு முன்னால் வெறும் தட்டோடு நிற்பது மாதிரி யோகராணிக்கு இருந்தது. அவளுக்குத் தெரிந்த எந்தக் கோவிலும் சும்மா தோன்றியதில்லை. ஒன்றில் சாமி யாருடைய கனவிலாவது வந்திருக்கும், அல்லது ஒரு பசு போய் இடத்தைக் காட்டியிருக்கும்.

"ஒரு பசு இருந்தது," என்றாள் யோகராணி.

அவளுடைய ஆங்கிலம் நிதானமானது, தொழிற்சாலையில் பழகியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கிரஹாமும் பார்த்தார்.

நூறு நூற்றைம்பது வருடங்களுக்கு முன் இந்த மலையில் ஒரு விவசாயி இருந்தான். அவனுக்குப் பெயர்? ஜன்னலுக்கு வெளியே ஆர்தர்ஸ் சீட் மலைக்கு வழி காட்டும் பலகை தெரிந்தது. ஆர்தர். ஆர்தரிடம் ஒரு பசு. காலையில் மடி நிறைய இருக்கும். மாலையில் கறக்கப் போனால் ஒரு சொட்டுப் பால் இராது. களவு போகிறது என்று நினைத்து ஒருநாள் ஆர்தர் மரத்துக்குப் பின்னால் ஒளித்திருந்தான். பசு நேரே இந்த இடத்துக்கு வந்தது. ஒரு புதரின் மேல் நின்றது. யாரும் தொடாமலே நான்கு காம்பாலும் பால் சொரிந்தது. ஆர்தருக்குக் கோபம் வந்து மண்வெட்டியால் அந்த இடத்தைக் கொத்தினான். கொத்திய இடத்தில் இருந்து சிவப்பாக...

"இரத்தமா?" என்றார் அந்த முதிய பெண்.

"இரத்தம் எண்டுதான் ஆர்தரும் நினைச்சான்," என்று யோகராணியின் மனம் தமிழில் சொல்ல, வாய் ஆங்கிலத்தில் சொன்னது. "விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். இனித்தது. கொஞ்சம் புளித்தது. அது ஒரு காட்டுத் திராட்சைக் கொடியின் வேர்."

அன்று இரவு பசு கனவில் வந்து, இந்த மண் பாலுக்கு அல்ல, இதற்குத்தான் என்று சொன்னதையும் சேர்த்தாள். கடல் காற்று ஒன்று வந்து கதவை அடித்தது. ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். கடையில் இருந்த பினோப் போத்தல்கள் எல்லாவற்றையும் அவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள்.

திரும்பும் வழியில் டேமியன் எழும்பி, "நான் எதையாவது தவறவிட்டேனா?" என்று கேட்டான்.

"இல்லையே," என்றாள் யோகராணி. அவளைப் பொறுத்தவரை அது மீன்காரன் கதை போல ஒன்றுதான். வீட்டுக்குப் போய் அரிசி கழுவும்போதே மறந்துவிட்டாள்.

கிரஹாம் மறக்கவில்லை. சில மாதங்கள் கழித்து அதே தோட்டத்துக்குப் போனபோது வாசலில் புதிய பலகை நின்றது. ஒரு பசு, அதன் கீழே ஒரு கொடி. போத்தல்களின் லேபிளிலும் பசு. வைனின் பெயர் 'ஆர்தரின் பசு'. பின்னால் சின்ன எழுத்தில் முழுப் புராணமும் இருந்தது. கனவும் இருந்தது. தோட்டத்தின் நடுவில் ஒரு இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, இதுதான் அந்த இடம் என்று எழுதியிருந்தார்கள். யாரோ அங்கே ஒரு பால் பெட்டியைக் கவிழ்த்து ஊற்றிவிட்டுப் போயிருந்தார்கள்.

யோகராணி அந்தக் கயிற்றடியில் இருந்து நேரே திரும்பி வந்தாள். கிரஹாமை ஒரு பக்கமாகக் கூப்பிட்டாள்.

"கிரஹாம், அது நான் சொன்ன கதை."

"ஆமாம். எவ்வளவு அழகாகச் சொன்னீர்கள்!"

"அப்படி இல்லை. நான் சொன்ன கதை. நானாகச் சொன்னது."

கிரஹாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "வாய்வழி மரபு என்பதே அதுதானே, ராணி. யாராவது ஒருவர் சொல்லாவிட்டால் அழிந்துபோயிருக்கும்."

அவர் கண்களில் தண்ணீர் நின்றது. யோகராணி பஸ்ஸுக்குத் திரும்பினாள்.

வீட்டில் சொன்னபோது நித்தியானந்தன் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டார். "உன்னைப் பிடிச்சு உள்ளுக்குப் போடப் போறாங்கள்."

"பசுவுக்காக ஆரும் உள்ளுக்குப் போடுவினமே?"

"இந்த நாட்டில போடுவாங்கள்," என்றார் அவர்.

ஆனால் பொலிஸ் வரவில்லை. லெஸ்லி வந்தார். பிராங்க்ஸ்டனில் இருந்து, சிவந்த முகமும் ஊன்றுகோலுமாக வந்து, ஆர்தர் தன்னுடைய பாட்டனாரின் தகப்பன் என்றார். லேபிளைக் கடையில் பார்த்ததும் உடம்பெல்லாம் புல்லரித்ததாம். பசுவின் பெயர் பெல்லா என்றும், அதற்கு இடது கொம்பு கொஞ்சம் வளைவு என்றும் அவர்தான் சொன்னார். அடுத்த லேபிளில் கொம்பு வளைந்தது. கிரஹாம் அவரை யோகராணிக்கு அறிமுகம் செய்து வைத்தபோது லெஸ்லி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"கதையைக் கிட்டத்தட்டச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள்," என்றார். "ஆனால் ஆர்தர் மரத்துக்குப் பின்னால் ஒளிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் சொல்வது, ஒரு பீப்பாவுக்குப் பின்னால்."

யோகராணியின் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் அவள் கதையைவிடப் பெரிய கதையோடு வந்திருந்தார். ஆத்திரமும் வந்தது, மரியாதையும் வந்தது.

அடுத்த அறுவடைக்கு கிரஹாம் 'பெல்லா திருநாள்' என்று ஒரு விழா வைத்தார். எங்கிருந்தோ ஒரு பசுவை வாடகைக்கு எடுத்து, கழுத்தில் திராட்சை இலை மாலை போட்டு, கயிறு கட்டிய இடத்துக்கு நடத்திக்கொண்டு வருவதாக ஏற்பாடு. யோகராணி இரண்டு தடவை பஸ் நிறைய ஆட்களை ஏற்றி வந்து இறக்கியிருந்தாள். வயலின் வாசித்தார்கள். லெஸ்லி ஆர்தரின் உடுப்பு என்று எதையோ போட்டுக்கொண்டு பீப்பாவுக்குப் பின்னால் குந்தியிருந்தார்.

பசு பாதி வழி நல்ல பிள்ளையாக வந்தது. பிறகு நின்றது. வயலினைப் பார்த்தது. கயிற்றை உதறிக்கொண்டு கம்பி வேலியைச் சரித்துப் பக்கத்துத் தோட்டத்துக்குள் போய், அங்கே கொடிகளுக்கு நடுவே நின்றது. அன்று விடியற்காலை அதைக் கறக்க மறந்துவிட்டார்கள் போலும். எல்லோரும் பார்த்திருக்க அதன் மடியில் இருந்து பால் ஒழுகத் தொடங்கியது.

பக்கத்துத் தோட்டம் ரோஸ்மேரியுடையது. அவரும் பினோதான் போட்டிருந்தார். வழக்கறிஞராக இருந்தவர், ஒரு வார்த்தையையும் வீணாக்க மாட்டார். அவர் படியில் நின்று கைகட்டிப் பார்த்துவிட்டு, "சாட்சிகள் எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்," என்றார்.

அந்த வாரமே ரோஸ்மேரியும் கயிறு கட்டினார். உண்மையான இடம் தன்னுடைய பக்கத்தில்தான் இருக்கிறது, பசுவே வந்து நிரூபித்துவிட்டது என்றார். கிரஹாம், வாடகைப் பசுவுக்கு வரலாறு தெரியாது என்றார். முன்பு வாசலில் கண்டால் கையசைக்கும் இரண்டு வீட்டாரும் முகம் கொடுக்காமல் போனார்கள். யோகராணியின் பஸ்ஸில் வருபவர்களும் பிரிந்தார்கள். ஒரு பாதி இங்கே இறங்கும், மறு பாதி அங்கே. நடுவில் பஸ்ஸை எங்கே நிறுத்துவது என்பதே பெரிய பிரச்சினையாகிவிட்டது.

கடைசியில் அந்த வட்டாரத்துத் தோட்டக்காரர்கள் ஊர் மண்டபத்தில் ஒரு கூட்டம் கூட்டினார்கள். தலைமை தாங்கியவர் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை. வாய்வழி மரபின் மூல சாட்சி என்று யோகராணியைக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் நல்ல சேலை ஒன்று உடுத்திக்கொண்டு, பஸ்ஸில் சனத்தையும் ஏற்றிக்கொண்டு போனாள். நித்தியானந்தன், பிடித்தால் இரண்டு பேரையும் சேர்த்துப் பிடிக்கட்டும் என்று தானும் கோட்டுப் போட்டுக்கொண்டு கூட வந்தார்.

மண்டபத்தில் ஒரு பக்கம் கிரஹாமும் லெஸ்லியும், மறுபக்கம் ரோஸ்மேரி தனியாக. சுவரில் இரண்டு தோட்டங்களின் வரைபடம். நடுவில் வேலி. ஒவ்வொருவரும் எழுந்து கதைத்தார்கள். மண் பரிசோதனை செய்தவர் கதைத்தார். மாடுகள் சரிவில் எப்பக்கமாக இறங்கும் என்று ஒருவர் கதைத்தார். யோகராணி எல்லோருடைய முகத்தையும் பார்த்தாள். கிரஹாம் மெலிந்திருந்தார். ரோஸ்மேரியின் விரல்கள் கதிரையின் கையைப் பிடித்த பிடியில் வெளுத்திருந்தன. எழும்பி இது முழுக்க என் வாயில் வந்தது என்று சொல்லலாம். சொன்னாலும் நம்பப் போவதில்லை. நம்பினால் அதைவிட மோசம், இத்தனை பேரும் வெறும் புல்வெளியோடு வீட்டுக்குப் போக வேண்டும்.

"திருமதி யோகராணி," என்றார் தலைவி. "நீங்கள் கேள்விப்பட்டபடி, பசு எந்தப் பக்கம் நின்றது?"

யோகராணி எழுந்து வரைபடத்துக்குக் கிட்டப் போனாள். வேலிக் கோட்டின் மேல் உள்ளங்கையைக் குறுக்காக வைத்தாள்.

"இப்படி நின்றது. அப்போது வேலி இல்லைத்தானே. தலை கிரஹாமின் பக்கம். வால் ரோஸ்மேரியின் பக்கம். மடி நடுவில். முன் இரண்டு காம்பும் இங்கே சொரிந்தது, பின் இரண்டு காம்பும் அங்கே சொரிந்தது."

மண்டபம் மூச்சு விட்டது. ரோஸ்மேரி மட்டும் கையை உயர்த்தினார். "பின்காம்புகளில்தான் பால் கூடுதலாக வரும் என்று எங்கோ படித்திருக்கிறேன். அது பதிவாக வேண்டும்."

லெஸ்லி ஊன்றுகோலைத் தரையில் குத்தி எழுந்தார். "பெல்லாவுக்கு நாலும் ஒன்றுதான்!" என்று கத்தினார். "என் பாட்டி சாகும் வரைக்கும் இதைத்தான் சொன்னார். பெல்லா ஒருவருக்கும் ஓரவஞ்சனை செய்ததில்லை."

அதற்குமேல் யாரும் எதிர்க்கவில்லை. ரோஸ்மேரி மெதுவாக எழுந்து போய் கிரஹாமின் முன்னால் நின்றார். கிரஹாம் கையை நீட்டினார். சனம் கைதட்டியது. யாரோ இரண்டு தோட்டத்துப் பினோவையும் ஒரே கிளாஸில் கலந்து கொண்டுவந்து யோகராணியிடம் நீட்டினார்கள்.

"ஐயோ, வேண்டாம், நான் பஸ் ஓட்டிக்கொண்டு வந்தனான், சனத்தை ஏத்திக்கொண்டு போக வேணும்," என்று அவசரத்தில் தமிழிலேயே சொன்னாள். கிளாஸைக் கொடுத்தவருக்கு விளங்காவிட்டாலும் நித்தியானந்தனுக்கு விளங்கியது. அவர் கோட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்து, மனைவியின் சார்பில் வாங்கிக் குடித்தார். முகத்தைச் சுளித்தார். பிறகு இன்னொரு மிடறு குடித்துவிட்டு, "பரவாயில்லை, நாவல்பழம் திண்ட வாய் மாதிரிக் கிடக்கு," என்றார்.

இரண்டு தோட்டக்காரரும் இப்போது நடு வேலியில் ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். இரண்டு கயிறும் சேர்ந்து ஒரு வட்டமாகிவிட்டது. அவர்கள் சேர்ந்து போடும் வைன் ஒன்றுக்கு 'நாலு காம்பு' என்று பெயர். மெல்பேர்ண் கடைகளில் அது நன்றாக விற்கிறது. லெஸ்லி சனிக்கிழமைகளில் வந்து பீப்பாவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருக்கிறார். அவர் சொல்லும் கதையில் இப்போது ஆர்தருக்கு ஒரு தம்பியும் வந்துவிட்டான். யோகராணி கையைக் கட்டிக்கொண்டு கேட்பாள். தம்பி வந்த இடம் அவ்வளவு வடிவாக இல்லை என்று அவளுக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. சொல்வதில்லை.

டேமியன் குடியை விட்டுவிட்டான். சும்மா இருக்க முடியாமல் பஸ் லைசென்ஸ் எடுத்தான். இப்போது பஸ் ஓட்டுவது அவன், மைக் பிடிப்பது யோகராணி. சிறி அவளுக்கு நீல நிறக் கோட் ஒன்று தைத்துக் கொடுத்திருக்கிறான். வழிகாட்டி என்றால் ருசி தெரிய வேண்டும் என்று ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பாள், உடனே துப்பிவிடுவாள். அந்த ஒரு சொட்டில் இருந்து அவள் எடுக்கும் செர்ரிப் பழமும், மழை பெய்த மண்ணும், மீன்பிடிப் படகின் கயிறும் குடித்து முடித்தவர்களுக்குக்கூடக் கிடைப்பதில்லை.

போன மாதம் கடற்கரைப் பக்கமாக இன்னும் கீழே பஸ் நின்றபோது ஒரு இளம் தம்பதி அவளைத் தேடி வந்தார்கள். போன வருடம்தான் பக்கத்தில் கொடி நட்டிருக்கிறார்கள். இன்னும் ஒரு போத்தலும் போடவில்லை. தயங்கித் தயங்கி, தங்கள் இடத்தைப் பற்றி ஏதாவது கேள்விப்பட்டிருக்கிறாளா என்று கேட்டார்கள்.

யோகராணி அந்தப் பக்கத்து மேட்டையும் கடலையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உங்களிடம் மாடு கீடு ஏதாவது இருக்கிறதா?"

"இல்லை," என்றாள் அந்தப் பெண். "ஒரு கறுப்பு நாய்தான் இருக்கிறது. வயது போன நாய். நாள் முழுக்க ஒரே இடத்தில் படுத்திருக்கும்."

"எந்த இடத்தில்?" என்று கேட்டாள் யோகராணி. வைரவருக்கு நாய்தானே வாகனம் என்று நினைத்துக்கொண்டு, அந்த இடத்தைப் பார்ப்பதற்காகக் கோட்டைக் கழற்றி டேமியனிடம் கொடுத்துவிட்டு நடக்கத் தொடங்கினாள்.